ஸ்டெல்லா அக்காவும் இரண்டு புது டயரும்

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் பட்டறைக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ஒரு காரை வட்டமடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, மெதுவாக ஓட்டி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் வேலை. நிறுத்திப் போனை எடுத்தேன். அக்காவின் மூத்த மகன். "அம்மா போயிட்டாங்கக்கா" என்றான். "சரி சாமி, வாரேன்" என்று சொல்லிவிட்டு மிச்ச வட்டத்தையும் முடித்தேன். பக்கத்து சீட்டில் இருந்த காரின் சொந்தக்காரர், "ஏனுங்க, ஏதாச்சும் கெட்ட சேதிங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, உங்களுக்கும் ஒண்ணு இருக்குது. பின்னாடி டிஃபரன்ஷியல் போயிருச்சு" என்றேன். அக்கா இருந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

அயோத்தியாப்பட்டணத்து வீட்டில் கூடியிருந்த அத்தனை பேரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: தங்கமான மனசு, தங்கமான மனசு. அடப்பாவிகளா! அந்த நாக்கில் சூடு வாங்காதவர் ஒருவர்கூட அந்தப் பந்தலில் இல்லை. ஜெபம் சொல்ல வந்த பங்குச் சாமியாரிடமே ஒருமுறை, "வண்டியில கோளாறு இல்லைங்க ஃபாதர், நீங்கதான் கிளட்சை மிதிச்சுக்கிட்டே ஜெபம் பண்றீங்க" என்றவர். செத்தவரைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்பார்கள். அக்கா தன் கணவரின் அடக்கத்தன்றே "நல்ல மனுசன், மட்டமான மெக்கானிக்" என்று சொன்னார். அதனால் அவரைத் தெரிந்த உங்களிடம் நானும் பூசி மெழுகப்போவதில்லை.

கணவர் விட்டுப்போன பட்டறையை அவர் நடத்திய விதத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பின் சீட்டில் ஏறி, வெறுங்காலைத் தரையில் பதித்து, கண்ணை மூடிக்கொள்வார். "காது ஏமாத்தும்டி. முன் சக்கரத்துல கத்துறது பின்னாடி கேக்கும். பாதம் ஏமாத்தாது" என்பார். ராசிபுரத்திலிருந்து பில் போடும் வேலைக்கு வந்த என்னை ஓட்டுநர் சீட்டுக்கு மாற்றியதும் அவர்தான். அன்பினால் அல்ல, ஆண்கள் ஓட்டினால் வாயை மூடிக்கொண்டு ஓட்ட மாட்டேன் என்கிறார்கள் என்று சலித்துக்கொண்டார்.

பல வருடங்களுக்கு முன்பு ஒருநாள் குமாரபாளையத்துத் துணி வியாபாரி ஒருவரின் கார் வந்தது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. ஒடித்துத் திருப்பினால் அடியில் கர்ரென்று அரைக்கிறது, ஓட ஓட ஊளையிடுகிறது. இரண்டு இடத்தில் காட்டி, இரண்டு இடத்திலும் சக்கர பேரிங்கை மாற்றிவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். வண்டியை விட்டுவிட்டு, சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார்.

நான் வட்டமடித்தேன். அக்கா பின்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் நீள ஷாஃப்டைக் கழற்றச் சொன்னார். முன் சக்கரம் மட்டும் இழுக்க ஓட்டினேன், சத்தமே இல்லை. திரும்ப மாட்டினோம், கர்ரென்றது. அக்கா இறங்கி, பக்கத்துத் தையல் கடையில் இஞ்சு டேப் வாங்கிவந்து, ரவிக்கைக்கு அளவெடுக்கிறமாதிரி ஒவ்வொரு டயரையும் சுற்றி அளந்தார். பின்னால் இரண்டும் புத்தம் புதுசு, முன்னால் இரண்டும் தேய்ந்தவை.

"பின்னாடி பெருசு, முன்னாடி சிறுசு. ரெண்டும் ஒரே தூரம் ஓடணும்னா நடுவுல இருக்கறவன் சாகணும். செத்துட்டான்" என்றார். நடுவில் இருப்பது கப்ளிங். முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் இணைக்கிற பெட்டி. இந்த வகை வண்டிக்கு நான்கு டயரையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெட்டி ஓய்வே இல்லாமல் வழுக்கி, சூடேறி, வெந்துவிடும்.

அந்த டயர்களை மாட்டியது யாரென்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் முருகேசன் அப்போது சேலத்தில் ஒரு டயர் கடையில் தலைமை ஃபிட்டர். நாமக்கல்லில் லாரி டயரோடு வளர்ந்த மனிதர். குமாரபாளையத்துக்காரர் நான்கும் மாற்றச் சொன்னாராம், "எதுக்குங்க வீணா? முன்னாடி ரெண்டும் நல்லாத்தான் இருக்குது, பின்னாடி ரெண்டு போதுமுங்க" என்று இவர்தான் தடுத்தாராம். லாரிக்காரருக்கு அப்படிச் செலவைக் குறைத்துச் சொல்கிற ஃபிட்டர் குலசாமி மாதிரி. அதை வீட்டில் பெருமையாக வேறு சொல்லியிருந்தார்.

அக்காவிடம் போய் நின்றேன். "அக்கா, கப்ளிங்குக்கு வயசாயிருச்சுன்னு சொல்லிருங்க. நாலு டயரும் மாத்துங்கன்னும் சொல்லிருவோம். வண்டி சரியாத்தானே போகப்போகுது? எங்க ஊட்டுக்காரரு வேலை போகாம இருக்கட்டுமுங்க."

"உன் புருசனுக்காக நான் ஏண்டி பொய் சொல்லணும்? நாளைக்கு இன்னொருத்தனுக்கும் ரெண்டே மாட்டுவான்."

"நான் சொல்லித் திருத்திக்கறேனுங்கக்கா." காலைத் தொட்டேன். "மேலெல்லாம் கிரீஸ், எந்திரி" என்று காலை இழுத்துக்கொண்டார்.

சாயங்காலம் வியாபாரி வந்தார். அக்கா டேப்பை வைத்து அளந்து காட்டி, எல்லாவற்றையும் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் இன்று அவரை மன்னித்திருப்பேனோ என்னவோ. டயர் மாட்டியவர் யாரென்ற பேச்சையே வியாபாரி எடுக்கவில்லை. அக்காவாகத்தான் என்னைக் கைகாட்டிச் சொன்னார்: "மாட்டுனது இவ ஊட்டுக்காரன்தான். போய்க் கேளுங்க."

போய்க் கேட்டார். கடை வாசலில் நின்று, எல்லோர் முன்னாலும். அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வேலை போயிற்று. எந்த டயர் கடை ஏறினாலும் அவருக்கு முன்னால் கதை போய் உட்கார்ந்திருந்தது. "வாங்க, ரெண்டு டயரு!" என்று கூப்பிட்டுச் சிரித்தார்களாம். இன்றைக்கு அவர் தன் அண்ணனின் தறிப்பட்டறையில் நூல் மூட்டை தூக்குகிறார். டயரைத் தட்டிப் பார்த்தே காற்று சொன்ன கை அது. மறுநாள் காலை நான் பட்டறைக்குப் போனபோது அக்கா எதுவுமே நடக்காத மாதிரி, "வண்டிய எடுடி" என்றார். எடுத்தேன். இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எரிய வேண்டாமா? அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அவரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தது கிடையாது.

போன மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். நெஞ்சில் வால்வு போய்விட்டது, உடம்பு ஆபரேஷன் தாங்காது என்று டாக்டர் வெளியில் வைத்து மகன்களிடம் சொன்னபோது நானும் நின்றிருந்தேன். மகன்கள் உள்ளே போய், "வெறும் வாயுதாம்மா" என்றார்கள். அவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இவனுங்க புளுகறானுங்க. நீ ஒரு வார்த்தை நல்லாயிரும்னு சொல்லேன். நீ சொன்னா நம்புவேன்."

"ஆகாதுங்கக்கா" என்றேன்.

"பொய்யாச்சும் சொல்லுடி."

"வராதுங்கக்கா."

சிரித்தார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அழுதார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, அடிபட்ட பிள்ளை மாதிரி அழுதார். நான் நின்று பார்த்தேன். என் நெஞ்சு குளிர்ந்தது. அதை உங்களிடம் மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அடக்கம் முடிந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து மத்தியானச் சோறு போட்டேன். வீட்டுக்காரர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அக்காதான் போய்ச் சேந்துட்டாங்கல்ல கண்ணு. இனியாச்சும் நீ சொல்லு. அந்தக் கப்ளிங் எப்படியும் போயிருக்கும்தானே? என் மேல தப்பு இல்லதானே?"

ஒரு தலையசைப்பு போதும். மனிதர் மிச்சச் சோற்றை நிம்மதியாகத் தின்றிருப்பார். எனக்கும் ஆசைதான், கட்டின புருசன். ஆனால் ஸ்டெல்லா அக்கா தன் வாயை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

"உங்க தப்புதானுங்க" என்றேன்.

அவர் பாதிச் சோற்றில் கை கழுவ எழுந்துவிட்டார்.