அண்ணியின் பொத்தான் பலகை

எங்கள் ஆபீஸ் வாசலில் எண்கள் மட்டும் உள்ள ஒரு பொத்தான் பலகை இருக்கிறது. அதன் மேல் பாலித்தீன் உறை. சுண்ணாம்புத் தூசி நுழையாத கருவி அரியலூரில் கிடையாது என்று சொல்லி, முதல் உறையை மாட்டியவர் என் அண்ணி. அண்ணன் மனைவி என்பது ஒருபுறம் இருக்கட்டும். எங்கள் குவாரி ஒப்பந்த ஆபீஸுக்கு அவர்தான் ஒரே புரோகிராமர்.

அண்ணிக்கு எதைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு, அதை மெதுவாகச் சொல்லும் வழக்கம் கிடையாது. பைத்தானா ஜாவாவா என்று நான் பேச்செடுத்தால், "மாப்பிள்ளைங்க போட்டோவுல எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க. குடும்பம் நடத்துனாத்தானே தெரியும்" என்பார். புதுப் போனைக் காட்டினால், "கீழ போட்டு எடு, அப்புறம் பேசலாம்" என்பார். தான் எழுதிய புரோகிராமைப் பற்றி மட்டும் கூச்சமே இல்லாமல் பெருமை பேசுவார். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ஒருமுறை முதலாளி கைரேகைக் கருவி வாங்கி வந்தார். ரேகை பதிந்தால்தான் அன்றைய வருகை என்று உத்தரவு. கல் பொறுக்கும் பெண்கள் செந்துறைப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருபவர்கள். கல் அவர்கள் ரேகையை எப்போதோ தேய்த்துவிட்டிருந்தது. ரேகை பதிய எண்ணெய்ப் பசை வேண்டுமென்று கட்டைவிரலைத் தலைமுடியில் தேய்த்துத் தேய்த்து வைத்தார்கள். எண்ணெயும் தூசியும் கண்ணாடியில் அப்பிக்கொண்டு, ரேகை நன்றாக இருந்தவர்களையும் கருவி ஏற்கவில்லை. கண் முன்னால் நின்றவர்களுக்கே ஆப்சென்ட் விழுந்தது.

அண்ணி நேரே முதலாளியிடம் போனார். "வேல செஞ்ச கைதாங்க சார் தேஞ்சிருக்கு. அது தெரியாத மெஷினுக்கு இங்க என்ன வேல?" ஆளுக்கொரு எண், அழுத்தப் பொத்தான், அது போதும் என்றார்.

"ஒருத்தி நம்பர இன்னொருத்தி அடிச்சா?"

"ஒரு பொய் வருகை விழுந்தாலும் நான் வேலைய வுட்டுப் போயிடறேங்க."

அண்ணன் வேலையில்லாமல் இருந்த நேரம் அது. குடும்பமே அண்ணி சம்பளத்தில்தான் ஓடியது. முதலாளி சரி என்றார்; அண்ணி பலகையை வாசலில் மாட்டினார்.

அந்தப் பெண்களோ எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அழுத்தினார்கள். கொஞ்ச நாளில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. போச்சு என்று நான் தலையில் கை வைத்தேன். அண்ணி சிரித்தார். "சத்தமாவே சொல்லட்டும். வராதவ நம்பர எவளாவது சொன்னா வரிசையே கேட்டுப்புடும்ல?" அப்படியே ஆயிற்று. ஒரு பொய்கூட விழவில்லை.

அண்ணி இப்போது பெரம்பலூரில் சொந்தமாக ஆபீஸ் நடத்துகிறார். அவர் போன பிறகு பலகையை அலமாரியில் வைத்துவிட்டு, போன மாதம் முகம் பார்க்கும் கருவியை மாட்டினார்கள். செயற்கை நுண்ணறிவாம். சாயங்காலம் வேலை முடிந்து, வெளியேறுவதைப் பதிய வந்த பெண்கள் முகத்தில் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. கருவி யாரையும் தெரியாது என்றது. நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளியே சொன்னார்: "உங்க அண்ணி பலகைய எடுத்து வைம்மா."

புது உறை மாட்டி வாசலில் வைத்தேன். முதலில் நின்ற பெண் தன் எண்ணைச் சொல்லி அழுத்தினாள். அவள் போட்ட சத்தம் பெரம்பலூர் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும்.