அரக்கு சீலுக்குப் பின்னால் ஓர் ஆய்வு மையம்

முட்டாள்தனம் என்னுடையது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜனநாயகத்தையும் வளர்ச்சியையும் ஆராய ஒரு மையம் வேண்டுமென்று மூன்று வருஷம் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினேன். சேலத்தில் நான் பாடம் நடத்திய கல்லூரியில் அதற்கென்று ஓர் அறையும் வாங்கினேன். பிறகு அந்த அறையை ஓட்டுப்பெட்டி வைக்க நானே தூக்கிக் கொடுத்தேன்.

எழுபதுகளின் கடைசி. தேர்தல் வாக்கு எண்ணிக்கை எங்கள் கல்லூரியில்தான் நடந்தது. எண்ணி முடித்த சீட்டுகளைப் பெட்டியில் போட்டு ரெண்டு நாள் வைக்கத் தாலுகா ஆபீசிலிருந்து இடம் கேட்டார்கள். கல்லூரி முதல்வர் யோசித்தார். நான் யோசிக்கவில்லை, எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஜனநாயகமே நம் மையத்தில் குடியேற வருகிறது என்று பூரித்துப்போய், ‘ஜனநாயகத்துக்குத் தேவைப்படும் காலம்வரை’ அறையை அளிப்பதாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

தோற்ற வேட்பாளர் வழக்குப் போட்டார். பெட்டிகள் சாட்சியமாகிவிட்டன. கதவில் பூட்டு, பூட்டில் அரக்கு சீல், வாசலில் ஒரு போலீஸ்காரர். மையத்தின் சொத்தான பெயர்ப்பலகையும் நாற்காலியும் வராந்தாவில் நின்றன. பலகையைச் சுவரில் சாத்தினேன். நாற்காலியில் போலீஸ்காரர் உட்கார்ந்தார்.

ஆறு மாதத்தில் பல்கலைக்கழகக் குழு வரும். அறை இருந்தால் அனுமதி. இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள். சூரமங்கலத்தில் டவுன் பஸ் பிடித்துத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். குமாஸ்தா ஒவ்வொரு முறையும் என் கடிதத்தையே எடுத்து என் முன்னால் வைப்பார்.

“ஏனுங்க சார், இது உங்க கையெழுத்துதானுங்களே?”

“ஆமாங்க. ஆனா ரெண்டு நாளுன்னுதான்...”

“ரெண்டு நாளுன்னு எதுலீங்க இருக்குது? படிங்க, கேப்போம்.”

படித்தேன். பக்கத்து மேசைக்காரர், “நல்ல தமிழுங்க” என்றார்.

கல்லூரியிலும் நிம்மதியில்லை. “ஜனநாயகம் உள்ள பூட்டியிருக்குது, வளர்ச்சி எங்கேய்யா?” என்றார் சக ஆசிரியர் ஒருவர். போலீஸ்காரரின் தொப்பையைக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சும்மா இருப்பானேன் என்று ஒருநாள் போலீஸ்காரரிடம் நோட்டுப்புத்தகத்தோடு போய் நின்றேன்.

“நீங்க ஓட்டுப் போட்டீங்களா?”

“அன்னிக்கு டூட்டிங்க.”

குறித்துக்கொண்டேன். மையத்தின் முதல் கள ஆய்வு அது. கடைசியும் அதுதான்.

குழுவினர் மூன்று பேர் ரயிலில் வந்தார்கள். முதல்வர் காபி, பலகாரம், மறுபடி காபி என்று நேரத்தைக் கடத்திப் பார்த்தார். கடைசியில் வராந்தாவுக்கு வந்தே தீர வேண்டியிருந்தது. நான் கதையைச் சொல்லி முடித்ததும் குழுத் தலைவர் பூட்டை நோக்கிக் கையை நீட்டினார். போலீஸ்காரர் எழுந்தேவிட்டார்.

“தொடாதீங்க சார்.”

“ஜன்னல் வழியாவது ஒரு தடவை எட்டிப் பாத்துக்கட்டுமே” என்று கெஞ்சினேன்.

“சன்னலுக்கும் சீல் வச்சிருக்குதுங்க.”

தலைவர் என் பக்கம் திரும்பினார். “இல்லாத அறையை இருக்குதுன்னு நான் எப்படி எழுதறது?”

கையிலிருந்த தாளில் ஒரே ஒரு வரி எழுதினார். மூன்று வருஷக் கடிதங்களுக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. ஜங்ஷனுக்குப் போக அவர்களைக் காரில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, பெயர்ப்பலகையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினேன்.

“மையம் கிடையாதுன்னுட்டாங்க” என்றேன், மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட போலீஸ்காரரிடம். ஆறு மாதப் பழக்கம். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன்.

“அப்ப சேரு இங்கயே கெடக்கட்டுங்க.”