கட்டத்துக்குள்ள போன மீசை

என்ரை மனுசன்ரை மீசையைக் கண்டாலே எனக்குக் கடுப்பு. தேத்தண்ணி குடிச்சால் பாதி அதுக்குத்தான். நான் சொல்லிச் சொல்லி வாய் நொந்தனான். அவரோ காலமை முகம் கழுவ முதலே மீசைக்குத்தான் சீப்புப் போடுவார். நாரந்தனையில இப்பிடியொரு மீசை இல்லையெண்ட நினைப்பு!

மனுசன்ரை தங்கச்சி, என்ரை மச்சாளின்ரை கலியாணத்துக்கு ஜேர்மனியிலயிருந்து கொழுந்தன் ஒரு சீலை அனுப்பினவர். அதைச் சுத்தி வந்த ஜேர்மன் பேப்பரில ஒரு விளையாட்டுக் கிடந்தது. வெறும் சதுரக் கட்டம், மேலயும் பக்கத்திலயும் கறுப்பிலயும் நீலத்திலயும் எண்கள். பாசை ஒருத்தருக்கும் விளங்கேல்லை. ஆனால் பக்கத்தில சின்னதா ஒண்டை நிரப்பிக் காட்டியிருந்ததால பிடிபட்டுது. கறுப்பில எட்டு எண்டால், அந்த வரியில எட்டுக் கட்டம் ஒட்டினபடி கறுப்பு. ஒரே நிறம் ரெண்டு தரம் வந்தால் நடுவில ஒரு கட்டமாவது வெறுமையா விடவேணும். நிறம் மாறினால் முட்டிக்கொண்டு நிக்கலாம். எல்லாம் சரியா நிரம்பினால் ஒரு படம் வரும்.

"உது சின்னப்பிள்ளை வேலை, உமக்கு முதல் நான் முடிப்பன்" எண்டார் மனுசன்.

விடுவனே நான்? "நான் வெண்டால் மீசையை வழிக்கவேணும்" எண்டன்.

"நான் வெண்டால் நீர் இனி மீசையைப் பற்றி ஒரு கதை கதைக்கப்படாது."

மீசையை வழிக்கிறது அவருக்குச் சின்ன விசயமில்லை. எங்கடை பக்கத்தில பொம்பிளையின்ரை சகோதரம்தான் மாப்பிளைக்குத் தோழன். வாசலில மாப்பிளையின்ரை கால் கழுவி, கூட்டிவந்து, மணவறையில பக்கத்தில இருக்கவேணும். எடுக்கிற படமெல்லாத்திலயும் தோழன்ரை முகம் இருக்கும். கலியாணம் வாற கிழமை.

பேப்பர் அவருக்கு; நான் கட்டத்தை எண்களோட சதுரக் கொப்பியில பார்த்துக் கீறி எடுத்தன். மச்சாள்தான் நடுவர். அழிக்க ஏலாத பேனைதான் ரெண்டு பேருக்கும்.

நான் பெரிய எண்களில தொடங்கினன். பத்துக் கட்ட வரியில எட்டெண்டால், இடப்பக்கத்தால நிரப்பினாலும் வலப்பக்கத்தால நிரப்பினாலும் நடு ஆறும் எப்பிடியும் கறுப்புத்தான். அதைப் போட்டிட்டு, மேலயிருந்து வாற எண்களோட ஒத்துப் பார்த்து மெதுவா ஊர்ந்தன். மனுசன் சரசரவெண்டு மேல் வரியளை முடிச்சிட்டுத் துள்ளினார். "லோஞ்சு! குறிகட்டுவான் லோஞ்சு! இஞ்ச பாரும், மேல கபின், கீழ அகலமா வள்ளம்!"

பார்த்தால் அப்பிடித்தான் இருந்தது. மனுசன் நீலப் பேனையை எடுத்து லோஞ்சுக்குக் கீழ கடலை நிரப்பத் தொடங்கினார்.

"அண்ணை, அந்த வரிக்கு நீல எண்ணே இல்லையே!" எண்டாள் மச்சாள்.

"கடலுக்கு என்ன கணக்கு?"

நான் வரி வரியா எண்ணினன். லோஞ்சு இல்லை, தொப்பி. அதுக்குக் கீழ ரெண்டு கண். பிறகு ஒரு நீளக் கறுப்பு வந்தது, ரெண்டு நுனியும் மேல வளைஞ்சபடி. நீலம் கடைசி வரியளில, கழுத்துச் சால்வையா வந்துது. மச்சாள் என்ரை கொப்பியைத் தூக்கிக் காட்டினாள். அச்சொட்டா ஒரு மீசைக்காரன்! நானும் அவளும் விழுந்து விழுந்து சிரிச்சம்.

மனுசன் சொல்லு மாறேல்லை. கிணத்தடிக்குப் போய் வழிச்சுப்போட்டு வந்து குசினி வாசலில நிண்டார். சிரிக்கத்தான் தயாரா இருந்தனான், சிரிப்பு வரேல்லை. அந்த முகம் அவ்வளவு பாவமாக் கிடந்தது. ஐயோ, ஏன்தான் கேட்டனோ எண்டு போச்சுது.

கலியாணத்தண்டு வாசலில, சுருவிலிலயிருந்து வந்த மாப்பிளை வீட்டுச் சனம் கேட்டுது, "அந்த மீசைக்காரத் தோழன் எங்கை?" மாப்பிளையின்ரை காலைக் கழுவிக்கொண்டு நிண்டவர் நிமிர்ந்து, "நான்தான்" எண்டார்.

மீசை திரும்ப வளந்துது. முதல் தரம் தேத்தண்ணியில தோய்ஞ்சதும் என்னை ஓரக்கண்ணால பார்த்தார். வெண்டது நான், எவ்வளவும் சொல்லலாம். அண்டைக்கும் பிறகும் நான் மீசையைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லேல்லை.