கூரையைத் திறக்கச் சொன்னவர்

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி வந்தபோது, அவருடைய மூன்றாவது கடிதத்துக்கு நான் மழுப்பலாக ஒரு பதில் எழுதிக்கொண்டிருந்தேன். மண்டபக் கமிட்டியின் செயலாளன் அல்லவா! "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்ற வரிக்கு வந்திருந்தேன். அவர் மகள் போன் செய்தாள். "அங்கிள், அம்மா காலைல போயிட்டாங்க. தூக்கத்திலேயே." அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

அவர் கேட்டது பெரிய விஷயமே இல்லை. மேடைக்கு மேலே, ஃபால்ஸ் சீலிங்கில் ஓர் ஆள் தலை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. உள்ளே உத்திரம் நனைகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். அந்த மேடையில்தான் ஞாயிறுதோறும் நம் பிள்ளைகள் உட்கார்ந்து தமிழ் படிக்கிறார்கள்.

யாங்கோனில் உள்ள நம் மண்டபத்தை நீங்கள் அறிவீர்கள். வெள்ளைக்காரர் ஒருவர் தம் ஊர்க் கிராமத்து மண்டபத்தை நினைத்துக் கட்டியது. செங்குத்தான கூரை, வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள், போதாததற்குக் குளிர்காய ஓர் அடுப்பு வேறு. இந்த ஊரில்! ஆயுள் முழுக்கக் கட்டட வரைபடம் வரைந்த ஸ்டெல்லா அக்கா, ஓய்வு பெற்றதும் யாரும் கேட்காமலே வந்து அதை அளந்தார். இந்த ஊரில் பெண்களும் கட்டும் லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறியவர், அளவு நாடாவின் மறுமுனையை என் கையில் கொடுத்தார். கூரையின் இரண்டு முனைச் சுவர்களிலும் உச்சியில் இடைவெளி விட்டு அடித்திருந்த சாய்வுப் பலகைகளைக் காட்டினார். "இது வெள்ளைக்காரன் யோசனை இல்ல தம்பி. அவன் ஊர்க் குளிருக்கு இது எதுக்கு? இந்த ஊர் வெக்கை தெரிஞ்ச தச்சன் வெச்சது. சூடு மேல ஏறி இப்படியே வெளிய போயிடும்."

மூன்று வருடங்களுக்கு முன் ஏசி போடலாம் என்று கமிட்டி கூடியது. தலைவர் பர்மிய வழக்கப்படி மரியாதையாக, "டாவ் ஸ்டெல்லா, காலம் மாறிப்போச்சு" என்றார்.

"ஏசிக்குக் கரண்ட் வேணும். இந்தப் பலகைக்குக் காத்து போதும்," என்றார் அக்கா. "அடுப்பை வேணும்னா அடைச்சுக்குங்க, யாரும் குளிர்காயப் போறதில்ல. மேல மட்டும் கை வைக்காதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரைத் தவிர எல்லோரும் கை தூக்கினோம். நானும்தான். பலகைகளைத் தகரத்தால் மூடி, கீழே ஃபால்ஸ் சீலிங் அடித்து, ஜன்னல்களையும் அடைத்தோம். அன்று அக்கா டீ கிளாஸ்களைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். எனக்கு இன்றைக்கும் அதில் எரிச்சல். சண்டை போட்டிருக்கக் கூடாதா?

அவருடைய நினைவுக் கூட்டமும் அதே மண்டபத்தில்தான் நடந்தது. ஜெபத்தின் நடுவில் கரண்ட் போனது. அடைத்த பெட்டிக்குள் அத்தனை பேரும் வெந்துபோனோம். அப்போது தலைவர் எழுந்து, அக்காவின் படத்தை மண்டபத்தில் மாட்டலாம் என்றார். அவர் சொல்லி முடிக்குமுன் எல்லோரும் சரி என்றார்கள். கேட்ட திறப்புக்குப் பதில் கிடைக்காமலே போய்விட்டார், படத்துக்கு மட்டும் ஒரு நிமிடம் போதுமா?

கூட்டம் கலைந்ததும் ஏணியைக் கொண்டுவந்து, மேடைக்கு மேலே சீலிங் அட்டை ஒன்றை உடைத்தேன்.

"என்னங்க பண்றீங்க!" என்று தலைவர் ஓடிவந்தார்.

"அக்கா கேட்டதப் பண்றேன்."

சுவரில் உட்காரும் உத்திரத்தின் முனை கறுத்திருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். பாதி உள்ளே இறங்கியது. தேக்கு ஐயா, தேக்கு! மேலிருந்து ஒழுகிய நீர் காயக் காற்றில்லாமல் அங்கேயே நின்றிருக்கிறது. தலைவரை ஏற்றிக் காட்டினேன். இறங்கி வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகளை இப்போது அந்த மேடையில் ஏற விடுவதில்லை. வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது. சீலிங் முழுவதும் இறங்கி, உத்திரம் மாற்றப்படும்வரை படம் மாட்டும் தீர்மானத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

அக்காவின் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட "நான் அப்பவே சொன்னேனே" என்று அவர் சொல்லிக் காட்டியதில்லை. அவர் சொல்லாமல் விட்டுப்போன அந்த வார்த்தையை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். கூட்டத்துக்குக் கூட்டம் அவருக்காகச் சொல்லப்போகிறேன், கை தூக்கியவர்களில் முதலில் என் பெயரை வாசித்துவிட்டு.