இரண்டு முறை கேட்கும் ஏசி

எங்கள் பழைய காரின் ஏசி குமிழ்களைக் கழற்றிவிட்டு, நானே ஒரு தொடுதிரையைப் பொருத்தினேன். கைபட்டு எதுவும் தவறாக மாறிவிடக்கூடாதே என்ற பயத்தில், எதை அழுத்தினாலும் "நிச்சயமாகவா?" என்று இருமுறை கேட்கும்படி செய்துவைத்தேன்.

இன்று பாகூரிலிருந்து வில்லியனூர் திரும்பும்போது நல்ல மழை. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். திடீரென்று முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, டிராக்டரே மறைந்துவிட்டது.

காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புவதற்காக அழுத்தினேன். "நிச்சயமாகவா?" என்றது திரை.

"இன்னாங்க கேக்குது அது?" என்றாள் மனைவி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"நிச்சயமான்னு கேக்குது."

"ஆமான்னு அழுத்துங்களேன்."

"அழுத்திட்டேன். இன்னொரு தடவ கேக்கும்."

"உங்களக் கட்டிக்கிறியான்னு எங்கப்பாவே என்கிட்ட ஒரு தடவதான் கேட்டாரு."

வண்டியை ஓரங்கட்டினேன். நின்ற பிறகுதான் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தது. கேள்வியை எழுதியவனே நான் என்பதால், யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

இப்போது அதைத் திருத்த உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு கேள்விகளையும் எடுத்துவிடலாமா, ஒன்றையாவது விட்டுவைக்கலாமா? விவரம் தெரிந்த நண்பர்கள் சொல்லுங்கள். மனைவியிடம் ஏற்கெனவே இரண்டு முறை கேட்டுவிட்டேன். மறுபடி கேட்கத் துணிவில்லை.