தழும்பு விழுந்த கட்டைவிரல்

கல்லூரியில் அவளை எல்லாரும் அண்ணி என்றே அழைத்தார்கள். முதல்நாள் வகுப்பில் அவள் நாத்தனார், "அண்ணி, இங்க இடம் இருக்கு" என்று உரக்கக் கூப்பிட்டதால் வந்த வினை. மறுநாள் முதல் நாற்பது பேருக்கும் அவள் அண்ணி. பாடம் நடத்திய அம்மையார் புலனாய்வுத் துறையில் முப்பதாண்டு பணியாற்றியவர், அவரும் மூன்றாம் மாதத்தில் வருகைப் பதிவேட்டைத் திறந்து, "அண்ணி வந்தாச்சா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். முப்பத்தொரு வயதில், பத்தாண்டு இளையவர்களின் நடுவே அமர்ந்திருந்தவளுக்கு அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் தன் வயதை நினைவூட்டியது.

குற்றப் புலனாய்வுப் படிப்பு அவள் கண்ட கனவு, நாத்தனார் கண்டதன்று. துணிக்கடை ஒன்றின் பின்னறையில் எட்டாண்டுகள் கேமராத் திரைகளின் முன் அமர்ந்து, எந்தக் கை எந்தப் பைக்குள் போகிறது என்று பார்த்துப் பார்த்து வளர்ந்த ஆசை அது. விண்ணப்பப் படிவம் வாங்கப் போனவள், எழுதும்போது பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்று இரண்டாக வாங்கி வந்தாள். முதற்படிவத்தில் பிழை நேரவில்லை. மற்றது மேசைமேல் கிடந்தது. பட்டப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நாத்தனார் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"வீணா கிடக்குதே. நான் நிரப்பட்டுமா அண்ணி?"

"நிரப்பேன். எனக்கும் பேச்சுத் துணை ஆச்சு" என்று இவளே பேனாவை எடுத்து நீட்டினாள். அப்படி நீட்டிய கையை அவள் பின்னர் நொந்துகொள்ளாத நாளில்லை.

இவள் மூன்று முறை படித்து மனத்தில் இருத்துவதை நாத்தனார் பேருந்தில் நின்றபடி ஒருமுறை பார்த்து ஒப்பித்துவிடுவாள். காலடித் தடத்தில் சுண்ணச் சாந்தை ஊற்றி வார்ப்பெடுக்கும் பயிற்சியில் இவளுடைய வார்ப்பு விண்டு உதிர்ந்தது. அவளுடையதோ, அணிந்தவனின் செருப்புத் தேய்மானம் வரை காட்டிற்று. அழுக்காறு என்பது ஒரே நாளில் மூளுகிற தீயன்று. ஈரச் சுவரில் நீர் ஏறுவதுபோல், பார்க்கும்போது தெரியாமல், பார்த்து முடித்தபின் ஒரு முழம் ஏறியிருக்கும்.

வீட்டிலும் இருவரும் கைரேகை எடுத்துப் பழகினார்கள். கண்ணாடி டம்ளர்கள் எல்லாம் கரும்பொடி பூசிக் கிடந்தன.

"தண்ணி குடிக்க சுத்தமா ஒரு டம்ளர் இருக்கா இந்த வீட்டுல? வாயைத் துடைச்சா கரி" என்பாள் மாமியார்.

"நீ டம்ளருக்கு அழுற. நான் பிஸ்கட் டப்பாவைத் தொட்டா பத்தாவது நிமிஷம் விசாரணைக்குக் கூப்பிடறாங்க" என்பான் அண்ணியின் கணவன்.

விருந்தாளி யார் வந்தாலும் மாமியார் பெருமையோடு சொல்லும் ஒரு வாக்கியம் இருந்தது: "என் பொண்ணுக்கு மூளை, மருமகளுக்கு முயற்சி. ரெண்டும் ஒரே வீட்டுல அமைஞ்சிருக்கு." மாமியார் அதை மனமாரப் பாராட்டாகத்தான் சொன்னாள். அதனாலேயே அதற்கு மறுமொழி சொல்ல வழியில்லாமல் போயிற்று.

படிப்பின் முடிவில் நகரப் புலனாய்வுப் பிரிவில் ஆறுமாதப் பயிற்சிக்கு ஆண்டுக்கு ஒருவரைத் தேர்ந்து அனுப்புவார்கள். அங்கே போனவர்கள் வேலையோடுதான் திரும்பினார்கள். முப்பத்திரண்டு வயது நிறைந்தவர் விண்ணப்பிக்க முடியாது. அண்ணிக்கு அந்த வயது நிறைய இரண்டு மாதம் இருந்தது. நாத்தனாருக்கு இன்னும் பத்தாண்டு இருந்தது.

தேர்வு மூன்றாம் மாடியில், மாதிரி வீட்டில் நடந்தது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் அலமாரி, தரையில் துணிப் பொம்மை ஒன்று. வாரந்தோறும் கொலையுண்ட அந்தப் பொம்மைக்கு மாணவர்கள் இட்ட பெயர் மாமா.

"மாமாவை இன்னைக்கு எப்படிக் கொன்னிருக்காங்க?" என்று வெளியே காத்திருந்தவன் ஒருவன் கேட்டான்.

"விஷம்னு நினைக்கிறேன். முகத்துல ஒரு கவலையும் இல்ல" என்றாள் வெளியே வந்தவள்.

விண்ணப்பித்த எட்டுப் பேர் ஒவ்வொருவராக உள்ளே சென்று நாற்பது நிமிடம் தடயம் தேட வேண்டும். நடுவில் அறையைத் துடைக்க மாட்டார்கள். உண்மையான இடத்துக்கும் நமக்கு முன்னே பலர் வந்து போயிருப்பார்கள், அவர்கள் விட்டதும் உங்கள் கண்ணில் பட வேண்டும் என்பது அம்மையாரின் விதி. குறிப்பேட்டில் மையால் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது. வாயிலில் குறிப்பேட்டைக் கொடுத்துவிட்டே வெளியேற வேண்டும்.

நாத்தனார் ஆறாவது. அண்ணி ஏழாவது.

அலமாரிக் கதவின் உட்புற விளிம்பில் அண்ணி பொடியைத் தூவித் தூரிகையால் மெல்லத் தடவினாள். ஒரு கட்டைவிரல் எழுந்து வந்தது. ரேகைகளின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் கொக்கிபோல் வளைந்து. அவள் தூரிகை நின்றது.

இறைவன் படைத்த விரல்களில் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. இந்த விரலை அவள் உலகில் எங்கு கண்டாலும் அறிவாள். மணமாகி வந்த முதல் வாரம், புது அண்ணிக்கு உதவுகிறேன் என்று அடுக்களைக்கு ஓடிவந்து அரிவாள்மணையில் வெங்காயம் நறுக்கிய சிறுமி வெட்டிக்கொண்ட விரல் அது. கட்டுப் போட்டவள் இவள். மாதக்கணக்கில் டம்ளர்களில் பார்த்துவரும் தழும்பு அது.

கையுறை இல்லாமல் தொட்டிருக்கிறாள். தடயத்தைக் கெடுத்தவருக்கு இடமில்லை. அண்ணிக்குள் எழுந்தது துயரமன்று என்பதை அவளே அறிந்தாள். விதிப்படிதானே எழுதுகிறோம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு எழுதினாள்: "அலமாரிக் கதவின் உள்விளிம்பில் கட்டைவிரல் ரேகை ஒன்று. இது வரிசை எண் ஆறு மாணவியின் வலக் கட்டைவிரல்." எழுதியதன் கீழே கோடிட்டாள். பிறகு மீண்டும் ஒரு கோடு.

குறிப்பேட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது நாத்தனார் படிக்கட்டில் அமர்ந்திருந்தாள்.

"என் கையுறை கிழிஞ்சுபோச்சு அண்ணி. கட்டைவிரல் அலமாரிக் கதவுல பட்டுடுச்சு. எத்தனை மணிக்குப் பட்டது, எங்க பட்டதுன்னு எழுதி வெச்சுட்டேன். மார்க் போனா போகுது, என்ன பண்றது?"

"எழுதிட்டியா?"

"எழுதாம விட்டா நீங்க என்னைக் கைது பண்ணிட மாட்டீங்களா?" என்று சிரித்தாள் நாத்தனார்.

அண்ணி வாயிலைத் திரும்பிப் பார்த்தாள். கொடுத்த குறிப்பேட்டை இனித் திரும்ப வாங்க முடியாது.

இரண்டாம் நாள் அம்மையார் எட்டுக் குறிப்பேடுகளையும் நீள மேசைமேல் திறந்து வைத்தார். ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பது அங்கே வழக்கம். அண்ணியை மட்டும் தம் அறைக்கு அழைத்தார்.

"அந்த ரேகையை எடுத்தது நீங்க ஒருத்தர்தான். உங்க கண்ணு மாதிரி கண்ணு இந்த வகுப்புல இல்ல. ஆனா அந்த இடத்துல பார்த்ததைத்தானே எழுதணும்? யாருதுங்கறதை ஒப்பிட்டுப் பார்த்தப்புறம்தானே சொல்லணும்?"

"தழும்பு தெரியும் மேடம்."

"தழும்பு தெரியும், சரி. அடிக்கோடு எதுக்கு? அதுவும் ரெண்டு?"

அம்மையார் விடைக்குக் காத்திருக்கவில்லை. விரல் பட்டதைத் தானே எழுதிவைத்ததால் அது தடயத்தைக் கெடுத்ததாகாது, முதலிடம் நாத்தனாருக்கு, அவளால் இயலாமற்போனால் அடுத்த இடம் அண்ணிக்கு என்று தாளைப் பார்த்தே படித்தார்.

மறுநாள் முற்பகல் நாத்தனார் பயிற்சிக்கான படிவத்தோடு அடுக்களைக்கு வந்தாள். பத்து விரல் ரேகையும் அதில் பதிய வேண்டும். இப்படிப்பைப் படித்த வேறொருவரே பதித்துக் கையொப்பமிட வேண்டும். மாலை ஐந்து மணியோடு காலம் முடிகிறது. கல்லூரி கொடுத்தது ஒரே ஒரு படிவம். மை கலைந்தால் தள்ளிவிடுவார்கள். இம்முறை மேசைமேல் இரண்டாவது படிவம் கிடக்கவில்லை.

"நீங்களே எடுங்க அண்ணி. உங்க கைதான் நடுங்காது."

அண்ணி மையைத் தகட்டில் உருளையால் பரப்பினாள்.

"உங்க நோட்டைப் படிச்சேன்" என்றாள் நாத்தனார்.

உருளை நின்றது.

"அடிக்கோடு ரெண்டும் அவ்ளோ நேரா இருந்துச்சு. ஸ்கேல் வெச்சீங்களா?"

"இல்ல. கையாலதான்."

"அதான் சொன்னேன், நடுங்காதுன்னு." அவள் சிரிக்கவில்லை. முதலில் இடக்கையை, பிறகு வலக்கையை நீட்டினாள்.

சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக அண்ணி பதித்தாள். கடைசியில் வலக் கட்டைவிரல் வந்தது. தழும்பு மையில் பளபளத்தது. ஒரு மயிரிழை வழுக்கினால் போதும். வழுக்கிவிட்டது என்று சொன்னால் இந்த வீட்டில் நம்பாதவர் இல்லை; எதிரே அமர்ந்திருக்கும் ஒருத்தியைத் தவிர. அவளும் விரலைப் பின்னிழுக்காமல் அண்ணியின் கையிலேயே விட்டிருந்தாள். அண்ணியின் உள்ளம் அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆறிவிட்டது என்றால் அது பொய். எரிந்த உள்ளத்தோடே மூச்சை அடக்கி, நகத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை விரலை ஒரே சீராக உருட்டி எடுத்தாள். வெள்ளைக் கோடும் அதன் கொக்கியும் தாளில் பழுதின்றி விழுந்தன.

"எடுத்தவர்" என்ற கட்டத்தில் கையொப்பமிட்டு நேரத்தை எழுதினாள். பழக்கத்தில் அடிக்கோடிடப் பேனா கீழே இறங்கியது. அதைத் தூக்கி மூடியைப் போட்டு மூடினாள்.

"கையைக் கழுவிட்டுப் போ. டம்ளரைத் தொட்டுடாத" என்றாள்.