தகர டப்பா

எனக்கு இரண்டு வருடமாக ரத்தபேதி. அந்தக் கோடையில் பென்னாகரம் பக்கம் காலராவும் பரவியது. காலரா என்று சந்தேகம் வந்தாலே ஆளை ஊருக்கு வெளியே கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். போனவர் பலர் திரும்பவில்லை.

தர்மபுரி டாக்டர் மலத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்று ஒரு தகர டப்பாவைக் கொடுத்தார். மறுநாள் எனக்கு எழுந்திருக்கவே தெம்பில்லை. என் மனைவிதான் பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சீதபேதிக் கிருமி இருக்கிறதாம். பத்து நாள் ஊசி. போட்ட இடமெல்லாம் கட்டிக்கொண்டது, நெஞ்சு படபடத்தது, ரத்தம் மட்டும் நிற்கவில்லை.

பதினோராம் நாள் டாக்டர் என்னை ஆஸ்பத்திரிக் கக்கூசுக்கே அனுப்பி, புதிதாக வாங்கிப் பார்த்தார். மைக்ராஸ்கோப்பிலிருந்து வெகுநேரம் தலையை எடுக்கவில்லை.

"இதுல ரத்தமும் சீழும்தான் இருக்குது, கிருமியே இல்லை. முன்ன டப்பாவுல வந்ததுல கிருமி இருந்துச்சு, ரத்தமே இல்லை. அது யாரோடது?"

கூட வந்திருந்த என் மனைவி சுவரோடு ஒட்டி நின்றாள். "என்னோடதுங்க. வூட்டுலயே மாத்திட்டேன். ரத்தத்தப் பாத்தா காலரான்னு இவரக் கொட்டாய்க்குத் தூக்கிட்டுப் போயிருவீங்கன்னு பயமுங்க."

"அடிப்பாவி, பத்து ஊசி!" என்று கத்தினேன். சத்தம்தான் வரவில்லை.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்க குடல் தானாவே புண்ணாகுதுங்க. அது ஏன்னு எங்களுக்கே தெரியலை. அந்தப் புண்ண ஆத்துற மருந்தும் எங்ககிட்ட இல்லை."

இரண்டு வருடமாகச் செத்துக்கொண்டிருந்த என்னிடம் கிருமி இல்லை. ஒருநாளும் வயிற்றுவலி என்று படுக்காத அவளிடம் இருந்தது. டாக்டர் கொதிநீரிலிருந்து ஊசியை எடுத்து, அவளைப் பார்த்து, "நீ உக்காரும்மா" என்றார்.